பஞ்சின் மேல் போட்ட பழி

என் மகளின் இடது கண் அழாமலேயே ஒழுகியது. பிறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அவள் தூங்கிக்கொண்டிருப்பாள், மூக்கோரம், இமை முடிகிற இடத்தில் ஒரு துளி சேரும். கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும். பிறகு மனசு மாறியதுபோல மெதுவாகக் கன்னத்தில் இறங்கும். காலையில் விழிக்கும்போது இமை மயிர்கள் மஞ்சள் பீளையில் ஒட்டிக் கிடக்கும். வலது கண் திறந்து எங்களைப் பார்க்கும், இடது கண் மூடியே இருக்கும். என் மனைவி வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி ஒற்றி அதைத் திறப்பாள். திறந்த பத்தாவது நிமிடம் மறுபடியும் ஒரு துளி.

அப்போது நாங்கள் திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே வரிசையில் ஆறு வீடுகள், முன்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி. எங்களுக்கு ஊர் தெற்கே, கரிசல் காடு. நான் இரண்டு தெரு தள்ளி, பனியன் துணி பின்னுகிற ஒரு நிட்டிங் ஷெட்டில் ஆபரேட்டர். காலை ஆறு மணிக்கு ஷிப்டு ஏறினால் மதியம் இரண்டு மணிக்கு இறங்குவேன். இறங்கும்போது தலை, புருவம், மீசை, காது மடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். நூலிலிருந்து பறக்கிற பஞ்சு. என் வயது இருபத்தெட்டு. மதியம் இரண்டு மணிக்கு மட்டும் அறுபது.

குழந்தையைப் பார்க்க வந்த வீட்டுக்கார அக்கா அந்தக் கண்ணைப் பார்த்தார். பிறகு, வேலை முடிந்து வாசலில் வந்து நின்ற என்னைப் பார்த்தார். தீர்ப்புச் சொல்ல அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

“ஏனுங் தம்பி, இப்பிடியே வந்துதான் பாப்பாவத் தூக்குவீங்களா? மேலெல்லாம் பஞ்சுங்க. அதுதானுங்க கண்ணுல போயி உறுத்துது. வேற என்னங்க இருக்கப்போவுது?”

எனக்கு மூக்கின்மேல் கோபம் என்று என் மனைவி சொல்வாள். அன்றைக்கு அந்தக் கோபம் வரவில்லை. ஏனென்றால் அக்கா சொன்னதை நான் அப்படியே நம்பினேன்.

நம்பாமல் என்ன செய்வது? எங்கள் ஷெட்டில் எந்தக் கோளாறு என்றாலும் முதல் சந்தேகம் பஞ்சின் மேல்தான். துணியில் ஓட்டை விழுந்தால் பஞ்சு. ஊசியில் பஞ்சு அடைத்துக்கொண்டு நீளமாக ஒரு கோடு விழுந்தால், அதற்கும் பஞ்சு. ஒருவன் இருமினால் பஞ்சு. சூப்பர்வைசர் கத்தினால், அவருக்குத் தொண்டையில் பஞ்சு என்போம். மெஷினை நிறுத்து, ஏர் பைப்பை எடு, ஊது, மறுபடி ஓட்டு. பாதிக் கோளாறு அதிலேயே சரியாகிவிடும். இப்படி எட்டு வருஷம் வேலை பார்த்தவனுக்கு, மகளின் கண்ணில் நீர் ஒழுகினால் வேறு எதன் மேல் சந்தேகம் போகும்?

அன்று முதல் என் மனைவி ஒரு சட்டம் போட்டாள். “குளிச்சீகளா? குளிச்சாலும் தொடாதீக. காதுக்குள்ள இருக்கும். தள்ளி நின்னு பாருங்க.”

நான் ஷெட்டைவிட்டுக் கிளம்பும்முன் ஏர் பைப்பால் உச்சி முதல் பாதம்வரை ஊதிக்கொள்வேன். சட்டையைக் கழற்றி உதறி, வெளியே கொடியில் போடுவேன். தொட்டித் தண்ணீரில் தலைக்குக் குளிப்பேன். காதில் துணியை விட்டுத் துடைப்பேன். அத்தனையும் செய்து முடித்து, வாசற்படிக்கு உள்ளே ஒரு முழம் வந்து சுவரோரம் உட்கார்ந்துகொள்வேன். அதற்கு மேல் எனக்கு அனுமதி கிடையாது. நானே போகவும் மாட்டேன். பெற்ற மகளின் கண்ணை என் தொழிலே கெடுக்கிறது என்ற எண்ணம் என்னை அங்கேயே கட்டிப் போட்டது.

அந்த மதியங்கள் இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழும். கட்டிலுக்கு மேலே புடவைத் தொட்டில். என் மனைவி ஒரு கையால் தொட்டிலை ஆட்டியபடி உறங்கிப்போவாள். கை மட்டும் உறங்காது. பக்கத்து ஷெட்டுகளின் இரைச்சல் சுவர் வழியாக மெதுவாக வந்துகொண்டிருக்கும். வெயில் பட்டையில் தூசு மிதக்கும். அதில் எது பஞ்சு, எது வெறும் தூசு என்று நான் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொன்றும் தொட்டிலை நோக்கியே போவதுபோல் இருக்கும். தொட்டில் என் பக்கம் வரும்போது முகம் தெரியும், துளி தெரியும். அந்தப் பக்கம் போனால் புடவை மட்டும்தான். வருகிறாள், போகிறாள். பார்த்துக்கொண்டே எனக்கும் கண் சொருகும். ஷெட்டில் வட்டமாகச் சுற்றுகிற மெஷினுக்கு அடியில் துணி இறங்குவது எனக்கு நினைவு வரும். கனவில் அவள் அந்த வெள்ளைத் துணிக்குள் படுத்து இறங்கிவருவாள். நான் கையை நீட்டுவேன், யாராவது ‘பஞ்சு’ என்று கத்துவார்கள். விழித்துப் பார்த்தால் சுவரோரம்தான் கிடப்பேன்.

யோசனைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒருத்தி தாய்ப்பாலை ஒரு சொட்டு விடச் சொன்னாள். ஒருத்தி விளக்கெண்ணெய் என்றாள். இன்னொருத்தி கண்ணுக்கு மை தீட்டினால் நீர் நிற்கும் என்றாள். என் மனைவி பாலை மட்டும் இரண்டு நாள் விட்டுப் பார்த்தாள். பீளை கூடியதுதான் மிச்சம். நான் மருந்துக் கடையில் போய், கண்ணைச் சொல்லிச் சொட்டு மருந்து வாங்கி வந்தேன். மூன்று நாள் பீளை குறைந்தது. நான்காம் நாள் பழைய குருடி கதவைத் திறடி.

மூன்று மாதம் ஆயிற்று. அப்போதுதான் நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். முடிவு என்று சொல்கிறேன், அது ஒரு சண்டையின் கடைசி வரி.

“இந்த ஊருல பஞ்சு இல்லாத எடம் எங்க இருக்கு? நானும் பிள்ளையும் ஊருக்குப் போறோம். நடக்குற வயசு வரட்டும், பெறகு வாறோம்” என்றாள் அவள்.

“நடக்குற வயசுன்னா ஒரு வருசம்.”

“கண்ணு போனா வருமா?”

தீபாவளி நெரிசலில் கைக்குழந்தையோடு பஸ் ஏற முடியாது. பண்டிகை முடிந்து கூட்டம் குறைந்த பிறகு நானே கொண்டுபோய் விடுவது என்று பேசிக்கொண்டோம். மகள் என்னை இன்னும் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. பேச ஆரம்பிக்கும்போது நான் ஊரிலிருந்து வந்துபோகும் ஒரு மாமாவாக இருப்பேன்.

தீபாவளி வந்தது. திருப்பூரில் தீபாவளி என்றால் ஊரே காலியாகும். ஷெட்டுகள் ஷட்டரை இறக்கிவிடும். தெற்கத்திக்காரர்கள் பஸ்ஸிலும் வடக்கத்திக்காரர்கள் ரயிலிலும் கிளம்பிவிடுவார்கள். எங்கள் வரிசையில் நாங்களும் வீட்டுக்கார அக்கா குடும்பமும் மட்டும்தான் மிச்சம். முதல் நாள் காலையில் விழித்தபோது எனக்குக் காது அடைத்துவிட்டதோ என்று பயந்தேன். மெஷின் சத்தம் இல்லை. அதற்குப் பதிலாக, இத்தனை வருஷம் எங்கே இருந்தன என்று தெரியாத குருவிகள். தெரு முழுக்க ஒரு தூக்கம் இறங்கியிருந்தது. நானும் நாளுக்கு இரண்டு முறை குளித்து, துவைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு அந்த அமைதியில் அலைந்தேன். மூன்றாவது நாள் என் மீசை கறுப்பாகவே இருந்தது. கண்ணாடியில் பார்த்து நானே கொஞ்சம் ரசித்தேன்.

நான்காம் நாள் மதியம் தைரியமாகத் தொட்டிலருகே போய்க் குனிந்து பார்த்தேன். மூக்கோரம் துளி சேர்ந்திருந்தது.

வெயில் பட்டையில் ஒன்றும் மிதக்கவில்லை. என் மேல் ஒரு இழை கிடையாது. ஊர் முழுக்க ஒரு மெஷின் ஓடவில்லை. அப்படியும் துளி நின்றது, இறங்கியது, மறுபடி சேர்ந்தது. வலது கண்ணைப் பார்த்தேன். கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. முதல் தடவையாக எனக்கு அந்தக் கேள்வி வந்தது: பஞ்சு பறந்தால் இரண்டு கண்ணிலும்தானே விழ வேண்டும்? மூன்று மாதமாக என் புத்தி எங்கே போயிருந்தது?

வாசலில் நின்ற அக்காவிடம் சொன்னேன். “பட்டாசுப் புகைங்க தம்பி. ஊரெல்லாம் பொகையாவல்ல கெடக்குது” என்றார் அவர்.

“அக்கா, அடுத்து நிலாவச் சொல்லுவீக!” என்று கத்தினேன். அவர் மேல் தப்பில்லை. என் கோபம் என் மேல். மனைவியிடம் திரும்பி, “கெளம்பு. கண்ணு டாக்டர்கிட்டப் போவோம்” என்றேன். அவள் தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கண் பிரிவில் விடுமுறை கழித்து அன்றுதான் ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் விரலால் மெதுவாக அழுத்தினார். இமை முனையிலிருந்து பீளை கொஞ்சம் எதுக்களித்து வந்தது. அவர் முகத்தில் பதற்றம் இல்லை.

“நான் நிட்டிங் ஷெட்டுல வேலை பாக்கேன் டாக்டர். பஞ்சு...” என்று ஆரம்பித்தேன்.

“பஞ்சுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க” என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். “கண்ணுல சுரக்கற தண்ணி மூக்குக்குள்ள எறங்கறதுக்குச் சின்னதா ஒரு குழாய் இருக்குதுங்க. அதனாலதான் அழுதா நமக்கு மூக்கும் ஒழுகுது. சில கொழந்தைங்களுக்கு அந்தக் குழாயோட கீழ் நுனியில மெல்லிசா ஒரு சவ்வு தெறக்காமயே பொறந்துடும். போற வழி அடைச்சிருக்கறதால தண்ணி மேல வழியுதுங்க. யாரோட தப்பும் இல்ல.”

எங்கள் தொட்டியின் அடிக்குழாய் அடைத்துக்கொண்டால் வாசலெல்லாம் வழியுமே, அதுதான். தண்ணீர் அதிகமாக வரவில்லை. போகிற இடத்தில் அடைப்பு. எனக்குச் சட்டென்று விளங்கியது.

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் தானாகவே திறந்துவிடும் என்றார். அதற்குக் கைகொடுக்க ஒரு தடவல் உண்டு. கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நகம் இருக்கக் கூடாது. இமை முனைக்கும் மூக்குக்கும் நடுவே விரல் நுனியை வைத்து, மெதுவாக அழுத்தி, மூக்கோரமாகக் கீழே இழுக்க வேண்டும். ஒரு வேளைக்கு ஐந்தாறு தடவை, நாளுக்கு மூன்று நான்கு வேளை. பால், எண்ணெய், மை எதுவும் கண்ணுக்குள் போகக் கூடாது. மருந்தும் அவர் சொன்னால்தான்.

“பீளை சேந்தா, காய்ச்சி ஆறின தண்ணியில சுத்தமான பஞ்ச நனைச்சுத் தொடச்சு எடுங்க” என்றார்.

“பஞ்சா?” என்றேன். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டாக்டருக்கு ஏனென்று புரியவில்லை.

அவர் தொடர்ந்தார், இந்தத் தடவை குரல் கண்டிப்பாக இருந்தது. “இத மட்டும் மறக்காதீங்க. மூக்கோரம் அந்த எடம் செவந்து வீங்குனா, தொட்டா கொழந்தை அலறுனா, காய்ச்சல் வந்தா, வெள்ளை முழி செவந்தா, வெளிச்சத்தப் பாக்க முடியாம கண்ண இறுக்கி மூடிக்கிட்டா, கருவிழி மங்கலா இல்ல பெருசாத் தெரிஞ்சா, ஒரு நாள்கூடக் காத்திருக்காதீங்க. ஒடனே கொண்டாந்துருங்க. அப்பிடி எதுவும் இல்லாம ஒரு வயசாகியும் ஒழுகுச்சுன்னா, அப்பவும் வாங்க. வழி இருக்குது.”

பிறகு கேட்டார்: “யாருங்க தடவப்போறீங்க?”

என் மனைவி தன் கைகளைப் பார்த்தாள். “எனக்குப் பயமா இருக்கு” என்றாள். டாக்டரம்மா என் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பிப் பார்த்தார். நூல் அறுந்தால் நொடியில் முடிச்சுப் போடுகிறவனின் விரல்கள். ஒட்ட வெட்டிய நகம். “இது நல்ல கை” என்று சொல்லி, குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டார்.

அவ்வளவு லேசாக இருப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. தலை மட்டும் சூடாக, கொஞ்சம் கனமாக என் முழங்கைக்குள் வந்து உட்கார்ந்தது. விரலை வைத்தேன். தோலுக்கு அடியில் சின்ன எலும்பு தட்டுப்பட்டது. அழுத்தி, கீழே இழுத்தேன். அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள். நான்தான் அழுதேன், டாக்டர் முன்னால், நர்ஸ் முன்னால், வெட்கமில்லாமல் அழுதேன்.

வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். “என்னைய நாலு திட்டுத் திட்டிருங்க.”

“நானும்தானே நம்புனேன்” என்றேன். ஊருக்குப் போகிற பேச்சு அதோடு முடிந்தது.

அதன்பின் வந்த மாதங்களை நான் நாள்கணக்கில் நினைவுகூர முடியாது. எல்லாம் ஒரே நீண்ட மதியமாகத்தான் இருக்கிறது. இரண்டு மணிக்கு ஷிப்டு இறங்குவேன், குளிப்பேன், கையைக் கழுவுவேன், சம்மணம் போட்டு உட்காருவேன். மனைவி அவளைக் கொண்டுவந்து என் மடியில் கிடத்துவாள். மெதுவாகத் தடவுவேன். ஐந்து, ஆறு. வாயைத் திறந்துகொண்டு என் மீசையைப் பார்ப்பாள். போகப்போக, என் விரல் வரும்முன்பே கண்களை மூடி முகத்தைத் தூக்கிக் காட்டப் பழகிக்கொண்டாள். தடவி முடித்த பிறகும் அப்படியே உறங்கிப்போவாள். எனக்குக் கால் மரத்துப்போகும். நகர மாட்டேன். நீர் குறைந்ததா என்றால், சில நாள் குறையும், சில நாள் கூடும். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. இந்த அடைப்பு இன்னும் கொஞ்ச நாள் இருந்தால்தான் என்ன என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். நினைத்தது உண்மை. அதற்காக வெட்கப்பட்டதும் உண்மை.

மாசி முடிந்து வெயில் ஏறியது. அவளுக்கு எட்டு மாதம். ஒரு மதியம் மடியில் கிடத்தி விரலை வைத்தேன், அலறினாள். இதுவரை கேட்காத அலறல். குனிந்து பார்த்தேன். மூக்கோரம், நான் தினமும் தடவுகிற அதே இடம், பட்டாணி அளவுக்குச் சிவந்து வீங்கியிருந்தது. தொட்டால் சுட்டது.

சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்தார். “வெயில் சூட்டுக் கட்டிங்க தம்பி. மஞ்சளக் கொழச்சுப் பத்துப் போடுங்க, நாளைக்கு அமுங்கிரும்.”

இந்தத் தடவை நான் கத்தவில்லை. “இல்லீங்கக்கா. டாக்டர் சொன்னதுல இதுதான் முதல்ல இருந்துச்சு” என்றேன். என் மனைவி அதற்குள் குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு பைக் பக்கத்தில் நின்றாள். நான் பனியனோடு வண்டியை எடுத்தேன்.

டாக்டரம்மா பார்த்ததும் அட்மிஷன் போட்டார். கண்ணீர் தங்குகிற சின்னப் பையில் சீழ் பிடித்துவிட்டது என்றார். வீக்கம் இருக்கும்வரை அந்த இடத்தைத் தடவக் கூடாது, அழுத்தக் கூடாது. பத்துப் போட்டுவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்திருந்தால், கண்ணைச் சுற்றியும் பரவியிருக்கும் என்றார். “சரியான நேரத்துக்கு வந்தீங்க” என்று என் மனைவியின் தோளைத் தட்டினார். அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள். பிஞ்சுக் கையில் ஊசி குத்தி மருந்து ஏறுவதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே மூன்று நாள் இருந்தோம். இந்த அடைப்பு இருந்தால் என்ன என்று நினைத்த என் வாயில் மண்ணைப் போட வேண்டும் என்று அந்த மூன்று நாளும் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

புண் ஆறிய பிறகு, இனி தானாகத் திறக்கும் என்று காத்திருக்க வேண்டாம் என்றார் டாக்டர். மயக்கம் கொடுத்து, மெல்லிய கம்பி ஒன்றைக் குழாய்க்குள் விட்டு, அந்தச் சவ்வைத் திறந்தார்கள். உள்ளே கொண்டுபோனதும் தெரியவில்லை, வெளியே கொண்டுவந்ததும் தெரியவில்லை, அவ்வளவு சீக்கிரம். பத்து நாளில் இடது கண்ணும் வலது கண்ணைப்போலவே தெளிந்துவிட்டது. நான் தொட்டிலருகே உட்கார்ந்து துளி சேருமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சேரவில்லை. தடவ வேண்டிய வேலை முடிந்தது. மதியம் இரண்டு மணிக்கு என் கைக்கு ஒன்றுமில்லாமல் போனது.

ஒரு மாதம் கழித்து ஒரு நாள். தொட்டியில் தண்ணீர் இல்லை. முறை வைத்து விடுகிற தண்ணீர், மறுநாள்தான் வரும். ஷெட்டில் ஏர் பைப்பும் பழுது. தலை முதல் கால்வரை வெள்ளையாக வந்து வாசலில் நின்றேன். பழக்கம் விடவில்லை, படியைத் தாண்டக் கால் வரவில்லை. உள்ளே தரையில் கிடந்த மகள் என்னைப் பார்த்துவிட்டுத் தவழ ஆரம்பித்தாள். நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். “யார் வீட்டுக்கோ வந்தவுக மாதிரி அங்கயே நிக்கீக? உள்ள வாங்க.”

நான் படியேறி உட்கார்ந்தேன். மகள் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு, முகத்தைத் தூக்கி எனக்குக் காட்டினாள். குனிந்தபோது என் புருவத்திலிருந்து ஒரு பஞ்சு இழை பறந்து அவள் கன்னத்தில் உட்கார்ந்தது. நான் அதைத் தட்டிவிடவில்லை. விரலைப் பழைய இடத்தில் வைத்து, மூக்கோரமாக மெதுவாகக் கீழே இழுத்தேன்.